எட்டுப் புள்ளியில் ஒரு இஸ்பேட்

இந்திராணி முதன்முதலாகச் சீட்டு பிடித்தது 2020 ஏப்ரல் 16, வியாழக்கிழமை. அப்போது அவளுக்கு வயது ஐம்பது. ஊரடங்கில் பட்டு நூல் வரத்து நின்று, பாவு ஏற்றிய தறி பாதிப் புடவையோடு சும்மா கிடந்தது. எதிர்வீட்டு ஷஹர்பானுவுக்கும் கடையடைப்பு. புடவை ஃபால்ஸும் லைனிங் துணியும் விற்கிற கடை அவளுடையது. அவள் போனில் பிரிட்ஜ் என்று ஒரு ஆட்டம் இருந்தது. நான்கு பேர் ஆட வேண்டியது. இரண்டு பேர் இருந்தால் மீதி இரண்டு பேரைப் போனே போட்டுக்கொள்ளும். தெருவின் இந்தப் பக்கத்து வாசலில் ஒருத்தி, அந்தப் பக்கத்து வாசலில் ஒருத்தி, ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்தார்கள்.

"வீட்ல சீட்டாட்டமா? வெளங்குமா இது?" என்றார் இந்திராணியின் கணவர் குமரன்.

"தறி நின்னு இருவத்தி மூணு நாளு ஆவுது. இதுக்கு மேல வெளங்காம போறதுக்கு இன்னா இருக்குது?"



பிரிட்ஜில் கைக்குப் பதின்மூன்று சீட்டு. வகை நான்கு: இஸ்பேட்டும் கிளாவரும் கறுப்பு, ஹார்ட்டினும் டைமண்டும் சிவப்பு. எதிரெதிரே உட்காருகிறவர்கள் கூட்டாளிகள். நான்கு பேரும் ஆளுக்கொரு சீட்டுப் போட்டு, அதில் பெரியது வெல்வது ஒரு பிடி. எந்த வகையைத் துருப்பாக வைத்து எத்தனை பிடி எடுப்போம் என்று முதலில் ஏலம் கேட்க வேண்டும். ஏலத்தை முதலில் திறப்பதற்கு ஒரு பொதுக்கணக்கு உண்டு. ஏஸுக்கு நான்கு புள்ளி, ராஜாவுக்கு மூன்று, ராணிக்கு இரண்டு, ஜாக்கிக்கு ஒன்று. கையில் பன்னிரண்டு சேர்ந்தால் திறக்கலாம், சேராவிட்டால் பாஸ்.

அந்தக் கணக்கு இந்திராணியின் காதுக்கு வர எட்டு மாதம் ஆயிற்று. அதற்குள் அவளுக்கு வேறு கணக்கு கைவந்துவிட்டது. புள்ளி நிறைய உள்ள சில கைகள் ஒன்றுக்கும் உதவாமல் போவதையும், புள்ளியே இல்லாத சில கைகள் பிடி பிடியாகக் குவிப்பதையும் பார்த்துவிட்டாள். குவித்த கைகளில் எல்லாம் சீட்டுகள் இரண்டே வகையில் அடைந்து கிடந்தன, ஆறும் ஐந்துமாக, சில நேரம் ஏழும் ஐந்துமாக. மற்ற இரண்டு வகையில் ஒற்றைச் சீட்டு, அல்லது அதுவும் இல்லை. தன்னிடம் ஒரு சீட்டுகூட இல்லாத வகையில் எதிராளி ஏஸை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? துருப்பால் வெட்டினால் அந்த ஏஸ் செத்தது.

ஆகவே அவள் புள்ளியை விட்டுவிட்டு ஓட்டையை எண்ணினாள். ஒவ்வொரு வகையிலும் முதல் மூன்று சீட்டுக்குத்தான் கணக்கு. அதில் ஏஸ் இல்லையென்றால் ஒரு ஓட்டை, ராஜா இல்லையென்றால் ஒன்று, ராணி இல்லையென்றால் ஒன்று. ஒற்றைச் சீட்டில் ஒரு ஓட்டைக்கு மேல் கிடையாது. சீட்டே இல்லாத வகையில் ஓட்டையும் இல்லை. மொத்தம் ஏழு வரை திறக்கலாம். எட்டானால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இருக்கிற படச்சீட்டுகள் நீண்ட இரண்டு வகைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதும் அவள் வைத்த நிபந்தனை. ஓரமாய் ஒற்றையில் நிற்கும் ராஜாவை அவள் மதிப்பதில்லை.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு வாசகசாலையின் மாடியில் அமாவாசைதோறும் பிரிட்ஜ் நடக்கிறது. அமாவாசையன்று தறியில் உட்காருவதில்லை. நெசவாளர்கள் வர வேண்டும் என்றே அந்த நாளை வைத்திருக்கிறார்கள். ஐந்து மேசை, பத்து ஜோடி, இருபது ஆட்டம். பங்கிட்ட சீட்டுகள் கலையாமல் தட்டில் வைத்து மேசை மேசையாகப் போகும். ஒரே கையை யார் எப்படி ஆடினார்கள் என்று ஒப்பிட்டு மதிப்பெண். 2022 மே 30 அன்று இந்திராணியும் ஷஹர்பானுவும் அந்தப் படியேறினார்கள். அதற்கு முன் அங்கே பெண்கள் ஆடியதில்லை.

அன்றிலிருந்து 2024 செப்டம்பர் 2 வரை இருபத்தொன்பது அமாவாசை. இரண்டுக்கு அவர்கள் வரவில்லை. மற்ற இருபத்தேழில் 540 கை. இரண்டு வகையிலும் ஐந்துக்குக் குறையாத சீட்டு இந்திராணிக்கு வந்தது முப்பத்தொரு முறை. அதில் பன்னிரண்டு புள்ளி இல்லாமலே அவள் திறந்தவை பதின்மூன்று. ஒன்பதில் லாபம், நான்கில் அடி. எல்லாம் வாசகசாலையின் முடிவேட்டில் இருக்கிறது.

பதின்மூன்றாவதுதான் செப்டம்பர் 2-இல் நடந்த பதினோராவது ஆட்டம். அன்று அவள் கையில் இஸ்பேட் ஏஸ், ஜாக்கி, பத்து, எட்டு, ஆறு, நான்கு. ஹார்ட்டின் ராஜா, ஜாக்கி, பத்து, ஒன்பது, ஐந்து. டைமண்டில் ஒரு நான்கு, கிளாவரில் ஒரு இரண்டு. புள்ளி ஒன்பது, ஓட்டை ஆறு. "ஒரு இஸ்பேட்" என்று திறந்தாள். எதிரே ஷஹர்பானுவுக்கும் ஒன்பது புள்ளி, ஆனால் இஸ்பேட் நான்கு. அவள் மூன்றுக்கு ஏற்றினாள். இந்திராணி நான்கு கேட்டாள். ஏலத்தில் ஆறு பிடிக்கு மேல் உள்ளதைத்தான் எண்ணுவார்கள். பத்துப் பிடி எடுக்க வேண்டிய இடத்தில் பதினொன்று வந்தது. மதிப்பெண் 450. மற்ற நான்கு மேசையிலும் அந்தக் கையை யாரும் திறக்கவே இல்லை.

எதிர்த்து ஆடியவர் பஞ்சாட்சரம். வங்கி மேலாளராக ஓய்வு பெற்றவர், வாசகசாலைச் செயலாளர், முப்பத்தைந்து ஆண்டாக பிரிட்ஜ் ஆடுகிறவர். அவர் இரண்டு பேர் கையையும் மேசையில் விரிக்கச் சொன்னார்.

"நீ ஒம்பது. பானும்மா ஒம்பது. பதினெட்டு. நாலு கேக்கறதுக்கு இருபத்தஞ்சாவது வேணும். பதினெட்ட வச்சுக்கினு உனக்கு எங்கேர்ந்துமா தைரியம் வந்துது?"

"பதினோரு பிடி வந்துது இல்ல சார். அங்கேர்ந்துதான்."

"வந்தத கேக்கல. வரும்னு எப்படி தெரிஞ்சுதுன்னு கேக்கறேன்." அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன டைரியை எடுத்தார். "மூணு அமாவாசையா பாத்துக்கினு வரேன். கையில ரெண்டு வகை நீளமா வந்தா நீ சீட்ட ரெண்டு ஓரத்துக்கு ஒதுக்கிடற. நடுவுல சந்து விடற. மத்த கைக்கு அப்படி விடறதில்ல. எதிர்ல உக்காந்திருக்கிற பானும்மாவுக்கு அந்தச் சந்து தெரியுது. சைகைன்னு இதுக்குப் பேரு."

மற்ற மேசைக்காரர்கள் சீட்டைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். பஞ்சாட்சரத்தின் கூட்டாளி ஆதிகேசவன், சாயப்பட்டறைக்காரர், நிலைமையை இலேசாக்கப் பார்த்தார். "இந்தம்மா சீட்டுக்கும் கரை கட்டுதுபா. விட்டா முந்தானையும் போடும்." யாரும் சிரிக்கவில்லை.

ஷஹர்பானு எழுந்துவிட்டாள். "நான் என் கைய பாக்கறதுக்கே கண்ணு பத்தல சார். அக்கா கையில சந்து எங்க இருக்குது, பொந்து எங்க இருக்குதுன்னு பாத்துக்கினா இருக்கேன்?"

பஞ்சாட்சரம் குரலை உயர்த்தவில்லை. ஒரு தாளில் இரண்டு வாக்கியம் எழுதி நீட்டினார். நடந்ததற்கு வருந்துகிறோம் என்பது ஒன்று. இனிப் பன்னிரண்டு புள்ளிக்குக் குறைந்து திறக்கமாட்டோம் என்பது மற்றொன்று. அடுத்த அமாவாசை ஆட்டம் முடிவதற்குள் இருவரும் கையெழுத்துப் போட்டால் விஷயம் இதோடு முடிந்தது. போடாவிட்டால் அக்டோபர் 20 அன்று சென்னையில் நடக்கும் போட்டிக்கு வாசகசாலை அனுப்பும் மூன்று ஜோடிகளில் அவர்கள் பெயர் இராது. அதன் பிறகு வாசகசாலையில் மேசையும் இராது.

இந்திராணி தாளை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மீதி ஒன்பது ஆட்டத்தையும் ஆடி முடித்த பிறகே படி இறங்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சீட்டுக்கட்டை எடுத்து, காலையில் வந்த அதே கையைப் பொறுக்கி அடுக்கிப் பிடித்துக்கொண்டு பீரோக் கண்ணாடி முன்னால் நின்றாள். ஆறு இஸ்பேட் இடது ஓரத்துக்குப் போயிற்று. ஐந்து ஹார்ட்டின் வலது ஓரத்துக்கு. உதிரி இரண்டும் நடுவில். கரைக்கும் உடலுக்கும் நடுவே இழை பிரிவது போல இரண்டு பக்கமும் விரல் தானாக விலகியது. கண்ணாடியில், சீட்டின் முதுகுப் பக்கத்தில், அது நன்றாகவே தெரிந்தது. பதினான்கு வயதிலிருந்து கோர்வைப் புடவை நெய்கிறவள். உடல் ஒரு நிறம், இரண்டு கரையும் வேறு நிறம். கையில் எது வந்தாலும் கரையை ஓரத்தில் வைக்கத்தான் அந்த விரல்களுக்குத் தெரியும்.

ஷஹர்பானுவைக் கூப்பிட்டு அவளுக்கும் காட்டினாள்.

"அல்லாவே," என்றாள் ஷஹர்பானு. "இருக்குதுக்கா. நெசமாவே சந்து இருக்குது."

"நீ இதுக்கு முன்ன பாத்திருக்கியா?"

"ஆயிரம் தடவ பாத்திருப்பேன். இதுக்கு ஒரு அர்த்தம் இருக்குதுன்னு இப்பதான் தெரியும்." கட்டிலில் உட்கார்ந்தாள். "போட்டுடலாமாக்கா கையெழுத்த? நாளைக்குக் கடைக்கு வர்றவ எல்லாம் கேப்பா, சீட்டுல ஏதோ மோசடியாமேன்னு. ரெண்டு வரிதான?"

"மொத வரி போட்டா நாம திருடின்னு ஆவுது. ரெண்டாவது வரி போட்டா நாம முட்டாளுன்னு ஆவுது. எத போடச் சொல்ற?"

ஷஹர்பானு தாளை வாங்கி இரண்டு வரியையும் மறுபடி படித்தாள்.

"அந்தாளு பாத்தது சரி. சொன்னது தப்பு. பாத்தத நான் ஒத்துக்குவேன். சொன்னத ஒத்துக்க மாட்டேன். அடுத்த அமாவாசைக்கு நான் சீட்ட அடுக்கவே போறதில்ல பானு. வந்தது வந்தபடி புடிச்சுக்கினு ஆடறேன்."

"இருவது ஆட்டமுமா? கறுப்போட கறுப்பு கலந்துக்கும். இஸ்பேட் எது கிளாவர் எதுன்னு கண்ணு கட்டிக்கும் உனக்கு. மானம் போவும்!"

"ஆட்டம் போனா போவட்டும்."

ஒரு மாதம் அவள் வீட்டில் அப்படியே ஆடிப் பழகினாள். கலைந்த சீட்டை விரித்து, எந்த விரலையும் அசைக்காமல், முப்பது வரை மனதுக்குள் எண்ணி, அதன் பிறகே வாய் திறப்பது. நல்ல கைக்கும் முப்பது, குப்பைக் கைக்கும் முப்பது. யோசிக்கிற நேரத்தை வைத்தும் கூட்டாளிக்குச் சேதி போயிற்று என்று நாளை ஒருவர் சொல்லக்கூடாதே.

அக்டோபர் 2 மகாளய அமாவாசை. தர்ப்பணம் முடித்து வருகிறவர்களுக்காக ஆட்டம் பதினொன்றரைக்குத் தொடங்கியது. பத்து ஜோடியும் உட்கார்ந்த பிறகு இந்திராணி எழுந்தாள்.

"செயலாளர் சார் போன மாசம் சொன்னாரு, என் கையில சந்து தெரியுதுன்னு. வீட்ல கண்ணாடில பாத்தேன், தெரியுது. அது வரைக்கும் எனக்கும் தெரியாது, பானுவுக்கும் அதோட அர்த்தம் தெரியாது. இன்னிக்கு நான் சீட்ட அடுக்க மாட்டேன். யாரு வேணா என் பின்னால நின்னு பாத்துக்கலாம். ஆனா ஏலம் மட்டும் நான் எப்பவும் கேக்கற மாதிரிதான் கேப்பேன். எட்டுப் புள்ளில தோணினா எட்டுல தொறப்பேன்."

"கையெழுத்து?" என்றார் பஞ்சாட்சரம்.

"சாயந்திரம் தரேன் சார். ஆட்டத்த போடுங்க."

ஆறாவது ஆட்டத்தில் ஷஹர்பானு பயந்தது நடந்தது. எதிராளி கிளாவர் போட்டபோது, இரண்டு இஸ்பேட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்த கிளாவர் ஏழு இந்திராணியின் கண்ணில் படவில்லை. தன்னிடம் கிளாவர் இல்லை என்று நினைத்து இஸ்பேட் துருப்பால் வெட்டினாள். நான்கு பிடி கழித்து அந்த ஏழு தலையை நீட்டியது. விதிப்படி இரண்டு பிடி அபராதம். மதிப்பெண்ணில் அந்த ஆட்டத்துக்குக் கடைசி இடம்.

"அடுக்கிக்கம்மா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்," என்றார் அந்த மேசையில் இருந்தவர்.

"வேணாம்பா. அடுத்த தட்ட எடு."

கடைசிச் சுற்றில், பதினேழு முதல் இருபது வரை, பஞ்சாட்சரமும் ஆதிகேசவனும் அவர்கள் மேசைக்கு வந்தார்கள். பதினேழில் ஒன்றும் நடக்கவில்லை. பதினெட்டில் நான்கு பேரும் பாஸ் சொல்லிவிட்டார்கள். சீட்டைத் தட்டில் திருப்பி வைக்கும் முன் பஞ்சாட்சரம் இந்திராணியின் கையைப் பார்க்கக் கேட்டார். இஸ்பேட்டில் ராணியும் ஜாக்கியும், ஹார்ட்டினில் ராஜாவும் ஜாக்கியும், டைமண்டில் ராணியும் ஜாக்கியும், கிளாவரில் ஒரு ராணி. மூன்று, மூன்று, நான்கு, மூன்று என்று தட்டையாகப் பரந்த கை.

"பன்னெண்டு இருக்குதே! பன்னெண்ட வச்சுக்கினு பாஸா சொன்ன?"

"எட்டு ஓட்டை சார். ஒரு ஏஸ் கூட இல்ல. இத எப்படி தொறக்கறது?"

ஆதிகேசவன் மட்டும் சிரித்தார். "ஒம்பதுக்கு தொறக்குது, பன்னெண்டுக்கு மூடுது. இந்தம்மா கடைக்கு நேரமே வேறபா."

பத்தொன்பதாவது ஆட்டம் இந்திராணி தொடங்க வேண்டியது. சீட்டை விரித்தாள். சிவப்பும் கறுப்பும் மாறி மாறி நின்றன. ஹார்ட்டினைத் தேடி மூன்று முறை ஓரத்திலிருந்து ஓரத்துக்குக் கண்ணை ஓட்டினாள். ஒன்றுகூட இல்லை. இஸ்பேட் ஏழு, அதில் ராஜா, ராணி. டைமண்ட் ஐந்து, அதில் ராஜா. கிளாவரில் ஒரே ஒரு மூன்று. புள்ளி எட்டு. இஸ்பேட்டில் ஒரு ஓட்டை, டைமண்டில் இரண்டு, கிளாவரில் ஒன்று. மொத்தம் நான்கே நான்கு. இஸ்பேட்டை மட்டும் நம்பி நேராக நான்கு என்று கேட்டு எதிராளியின் வாயை அடைக்கவும் செய்யலாம். ஆனால் அப்படிக் கேட்டால் டைமண்ட் என்று ஒன்று இருப்பதே ஷஹர்பானுவுக்குத் தெரியாமல் போய்விடும். இந்திராணி முப்பது எண்ணி முடித்தாள்.

"ஒரு இஸ்பேட்."

பஞ்சாட்சரம் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தார். அவர் கையில் இருபது புள்ளி. "டபுள்," என்றார். தொடக்கத்திலேயே அப்படிச் சொன்னால், என் கை பலமானது, நீ பேசு என்று கூட்டாளிக்குப் பொருள். ஷஹர்பானு பாஸ். ஆதிகேசவன் "ரெண்டு ஹார்ட்டின்" என்றார்.

"மூணு டைமண்ட்," என்றாள் இந்திராணி.

"நாலு ஹார்ட்டின்."

இப்போது எல்லாம் ஷஹர்பானுவின் கையில் இருந்தது. அவளிடம் மொத்தம் நான்கு புள்ளி, டைமண்ட் ஏஸ் ஒன்றுதான். எதிரே பார்த்தாள். இந்திராணியின் கையில் பதின்மூன்று சீட்டும் ஒரே விசிறியாக, சந்து பொந்து இல்லாமல் நின்றன. பஞ்சாட்சரமும் அந்த விசிறியையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷஹர்பானு சத்தமில்லாமல் கணக்குப் போட்டாள். என்னிடம் ஹார்ட்டின் நான்கு. இவர்கள் இரண்டு பேரும் போட்டி போட்டு ஹார்ட்டின் கேட்கிறார்கள், ஆகவே அவர்களிடம் எட்டோ ஒன்பதோ. அப்படியானால் அக்காவிடம் ஒன்று, அல்லது அதுவும் இல்லை. இஸ்பேட் சொன்னவள், யாரும் துணை நிற்காமலே டைமண்டும் சொல்லியிருக்கிறாள். என் ஏஸ் டைமண்டில் இருக்கிறது, கூடவே மூன்று சின்ன டைமண்டும் இருக்கின்றன.

"அஞ்சு டைமண்ட்."

ஆதிகேசவன் பாஸ். இந்திராணி பாஸ். பஞ்சாட்சரம் தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். மூன்று ஏஸ் இருந்தது. இந்த இடத்தில் டபுள் என்பது, உங்களால் எடுக்க முடியாது, மதிப்பெண் இரட்டிப்பு என்ற சவால்.

"டபுள்."

பதினொரு பிடி வேண்டும், இரண்டுதான் விடலாம். பஞ்சாட்சரம் ஹார்ட்டின் ஏஸைப் போட்டார். ஷஹர்பானு விதிப்படி தன் கையை மேசையில் விரித்துவைத்தாள், இனி இரண்டு கையையும் ஆடுவது இந்திராணி. இந்திராணி விசிறியின் நடுவிலிருந்து டைமண்ட் நான்கை உருவி வெட்டினாள். உருவுவதற்கு முன் ஹார்ட்டின் இல்லை என்பதை நான்காவது முறையும் பார்த்துக்கொண்டாள். அடுத்து டைமண்ட் ராஜா, அதற்கடுத்து ஷஹர்பானு விரித்துவைத்த கையிலிருந்து ஏஸ். எதிராளிகளிடம் இருந்த நான்கு டைமண்டும் இரண்டு இரண்டாக உதிர்ந்தன. அங்கிருந்து ஒரு இஸ்பேட்டைத் தன் ராஜாவை நோக்கிப் போட்டாள். பஞ்சாட்சரம் ஏஸால் பிடித்தார். கிளாவர் ஏஸையும் எடுத்துக்கொண்டார். அத்தோடு இரண்டு. மூன்றாவதற்குக் கிளாவர் ராணியைப் போட்டார். இந்திராணி வெட்டினாள். இஸ்பேட் ராணியைப் போட்டதும் மீதியிருந்த ஜாக்கி விழுந்தது.

அதற்குப் பிறகு அவள் ஆடவில்லை. கையில் மிச்சமிருந்த ஐந்து இஸ்பேட்டையும் ஒரு டைமண்டையும் அப்படியே மேசையில் விரித்தாள்.

"எல்லாம் என்னுது சார்."

ஐந்து டைமண்ட், டபுள், நிறைவு. ஐந்நூற்றைம்பது. எதிர்த்தரப்பு இருபத்தெட்டுப் புள்ளி, இந்தத் தரப்பு பன்னிரண்டு.

பஞ்சாட்சரம் நான்கு கையையும் மேசையில் விரிக்கச் சொன்னார். பிறகு டைரியை எடுத்து அவர்களுடைய சீட்டை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். 

"இன்னிக்கு எந்தச் சந்துல சார் பாத்தேன்?" என்றாள் ஷஹர்பானு.

"பானு, சும்மா இரு," என்றாள் இந்திராணி.

ஐந்தரைக்கு முடிவு எழுதினார்கள். ஆறாவது ஆட்டத்து அபராதம் இழுத்ததில் அவர்கள் பத்து ஜோடியில் நான்காவதாக வந்தார்கள். பஞ்சாட்சரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கையை நீட்டினார். "அந்தத் தாள் இருக்குதாமா?"

இந்திராணி இடுப்பிலிருந்து தாளை எடுத்தாள். அவர் எழுதிய இரண்டு வாக்கியத்தையும் அவர் பேனாவையே வாங்கிக் குறுக்கே கோடு போட்டு அடித்தாள். தாளைத் திருப்பி, பின்பக்கத்தில், நிதானமாக எழுதினாள்:

"நாங்கள் ஒன்று என்று திறந்தால் எட்டுப் புள்ளியும் இருக்கலாம். அப்போது இரண்டு வகையில் பதினொரு சீட்டாவது இருக்கும். இது எங்கள் வழக்கம். எதிர்த்து ஆடுகிறவர்கள் தெரிந்துகொள்ளவும். இந்திராணி எப்போதும் சீட்டை அடுக்காமல் ஆடுவார்."

கையெழுத்துப் போட்டுத் தாளை ஷஹர்பானுவிடம் நகர்த்தினாள். ஷஹர்பானு கடைசி வரியைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எப்போதுமா? சென்னையிலயுமா?"

"எங்கயும்."

"சாவடிக்கற என்னை," என்று சொல்லிக்கொண்டே அவளும் போட்டாள்.

பஞ்சாட்சரம் தாளை இரண்டு முறை படித்தார். "எதிராளிக்குச் சொல்லணும்னு விதியே இருக்குது. இத நீ மொதல் நாளே எழுதிக் குடுத்திருக்கணும்மா."

"கேட்டிருந்தா மொதல் நாளே குடுத்திருப்பேன். யாரும் கேக்கல. டைரிதான் எழுதிக்கினு இருந்தீங்க."

அவர் டைரியைச் சட்டைப்பைக்குள் தள்ளினார். தாளை மறுபடி திருப்பிப் பார்த்தார். "இதுல வருத்தம்னு ஒரு வார்த்தை எங்கேம்மா?"

"ஆறாவது ஆட்டத்துல கிளாவர் ஏழ கோட்டை விட்டேன். அதுக்கு ரொம்ப வருத்தப்படறேன் சார். வேணும்னா எழுதித் தரேன்."

ஆதிகேசவன் மேசையைத் தட்டிச் சிரித்தார். பஞ்சாட்சரம் சிரிக்கவில்லை. ஆனால் சென்னைக்கு அனுப்ப வேண்டிய பட்டியலை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து, மூன்றாவது வரியில் காலியாக விட்டிருந்த இடத்தில், இரண்டு பெயரையும் தலைப்பெழுத்தோடு எழுதினார்.